குடும்பத்தோடு முதல் டிரையத்லான்: பெயர் கொடுப்பது முதல் செயினுக்கு எண்ணெய் விடுவது வரை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது. "அண்ணா, அண்ணி, பாப்பா, நான். நான்கு பேரும் ஒரே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுவோம்" என்றான் தம்பி. பத்து ஆண்டுகளாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவன், சொல்வது எளிது. நான் கிணற்றில் நீந்தப் பழகிய 46 வயதுக்காரன். மகளுக்கு 19, பள்ளி நாட்களிலிருந்து ஓடுகிறவள். மனைவிக்கு நீச்சலே தெரியாது.

எட்டு மாதம் கழித்து நான்கு பேருமே முடித்தோம். இடையில் செய்த தவறுகளில் பாதி, "குடும்பமாகப் போகிறோம்" என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தவை. டிரையத்லானில் ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட முடியாது. இழுத்துச் செல்ல முடியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு பேசக்கூட முடியாது. கொம்பு ஊதியதும் நான்கு பேரும் நான்கு தனி ஆட்கள். சேர்ந்து செய்யவேண்டிய வேலை முழுவதும் அதற்கு முந்தைய மாதங்களில்தான் இருக்கிறது.

முதல் படி: தூரத்தைத் தேர்ந்தெடுப்பது

தூரத்தை முடிவு செய்யும் உரிமையை வீட்டில் நீச்சல் மிகவும் குறைவாகத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். சைக்கிளில் களைத்தால் காலை ஊன்றி நிற்கலாம். ஓட முடியாவிட்டால் நடக்கலாம். தண்ணீரில் அந்தச் சலுகை கிடையாது.

வழக்கமான தூரங்கள் இவை. ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல இரு மடங்கு: 1.5, 40, 10 கிலோமீட்டர். அதற்கு மேலே அரை அயர்ன்மேன்: 1.9, 90, 21.1. முழு அயர்ன்மேன்: 3.8, 180, 42.2. முதல்முறை என்றால் ஸ்பிரிண்ட், அல்லது சில போட்டிகளில் இருக்கும் அதைவிடச் சிறிய பிரிவு. தம்பி ஒலிம்பிக் தூரத்துக்கு அடம்பிடித்தான். அவனுடைய சைக்கிள் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் பேசினான். அண்ணியின் நீச்சலை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

குடும்பமாக இறங்குவது புதுமை என்று எண்ணவேண்டாம். இன்று நாம் அறிந்த டிரையத்லான் 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோவில், மிஷன் பே என்ற இடத்தில் 46 பேரோடு தொடங்கியது. அதில் கலந்துகொண்ட ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற தம்பதிதான் 1978 இல் ஹவாயில் அயர்ன்மேனைத் தொடங்கிவைத்தார்கள். அந்த முதல் அயர்ன்மேனில் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர்.

நான்கு பேரும் மூன்றையும் செய்யவேண்டும் என்ற கட்டாயமில்லை. பல போட்டிகளில் ரிலே பிரிவு உண்டு: ஒருவர் நீந்துவார், ஒருவர் சைக்கிள் ஓட்டுவார், ஒருவர் ஓடுவார். கணுக்காலில் கட்டும், நேரத்தைப் பதியும் டைமிங் சிப்தான் அங்கே கைமாறும் கோல். முழங்கால் வலி உள்ள அப்பா, தண்ணீரைக் கண்டால் நடுங்கும் அத்தை, ஓட மட்டும் தெரிந்த மருமகன் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. நீச்சல் தெரியாதவருக்கு ஆறு மாதத்துக்கும் குறைவான அவகாசமே இருந்தால் ரிலேதான் நேர்மையான தேர்வு.

பெயர் கொடுக்கும் முன் அமைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வயது வரம்பு என்ன? ஒவ்வொரு பகுதிக்கும் கால எல்லை எவ்வளவு? வயதுப் பிரிவு வாரியாகத் தனித்தனி நேரத்தில் அனுப்புவார்களா? மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. நால்வரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும் காட்சியை மனத்தில் வரைந்து வைத்திருந்தோம். போட்டியன்று பார்த்தால் நான்கு நிறத்தில் நான்கு நீச்சல் தொப்பி.

இரண்டாம் படி: மருத்துவர்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சல் பகுதியில்தான் நேர்கின்றன; அவற்றில் பலவற்றுக்கு முன்பே அறியாத இதயக் கோளாறு காரணமாக இருக்கிறது. இரத்த உறவினர்கள் சேர்ந்து இறங்கும்போது இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவருடைய குடும்ப வரலாறு எல்லோருடைய வரலாறும்தான். எங்கள் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. ஆகவே நானும் தம்பியும் ஒரே நாளில் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி., மருத்துவர் சொன்னபடி டிரெட்மில் சோதனை எல்லாம் பார்த்துக்கொண்டோம். தம்பி முனகிக்கொண்டேதான் வந்தான். நெஞ்சு இறுக்கம், மயக்கம், படபடப்பு இவற்றில் ஏதேனும் பயிற்சியின்போது வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: அடுப்படிக் கணக்கு

பயிற்சி அட்டவணைகள் எல்லாம் "காலை 5.30, நீச்சல்" என்று எழுதிவிடுகின்றன. நம் வீடுகளில் காலை 5.30 மணிக்கு அடுப்பின் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதை அந்த அட்டவணை கேட்பதில்லை. முதல் மூன்று வாரத்தில் நான் எட்டு முறை நீந்தினேன், மனைவி மூன்று முறை. "உங்களுக்கு இது விளையாட்டு, எனக்கு இது கூடுதல் வேலை" என்றாள் ஒரு நாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த வாரமே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினோம். பயிற்சிக்குப் பக்கத்திலேயே யார் மாவு அரைப்பது, யார் காபி போடுவது, யார் மதியச் சாப்பாடு கட்டுவது என்று எழுதினோம். அதற்குப் பிறகுதான் அவளுடைய நீச்சல் தேறியது. பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்பு இந்தத் தாளை ஒட்டுங்கள்.

ஓரளவு நீந்தத் தெரிந்தவருக்கு 16 வாரம் போதும். எங்கள் வாரம் இப்படி இருந்தது: செவ்வாய், வியாழன் நீச்சல், புதன் அரை மணி நேர ஓட்டம், சனி சைக்கிள், அது முடிந்த கையோடு பத்து நிமிட ஓட்டம், ஞாயிறு மெதுவான நீண்ட ஓட்டம் அல்லது கடல் நீச்சல். திங்களும் வெள்ளியும் ஓய்வு. ஒவ்வொரு நான்காவது வாரமும் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டோம். புறப்படும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், வேகம் அவரவருடையது. மகளோடு ஓட முயன்று கெண்டைக்கால் சதை பிடித்து ஒரு வாரம் படுத்தவன் சொல்கிறேன்.

நான்காம் படி: நீச்சல்

கிணற்றிலும் குளத்திலும் கற்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: தலையை நீருக்கு மேலே தூக்கியே வைத்திருப்போம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். பாதி உழைப்பு தண்ணீரைத் தள்ளுவதற்கே செலவாகும். முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை நீருக்குள்ளேயே குமிழ்களாக விட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்சு இழுப்பதை நான் 46 வயதில் முதலிலிருந்து கற்றேன். எதுவுமே தெரியாத மனைவி என்னைவிட வேகமாகக் கற்றாள். மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் அவளிடம் இல்லை.

750 மீட்டர் என்பது 50 மீட்டர் நீச்சல் குளத்தில் 15 நீளம், 25 மீட்டர் குளத்தில் 30. முதலில் 25 மீட்டர் நீந்தி, மூச்சு அடங்கும்வரை நின்று, மறுபடியும் நீந்துங்கள். ஓய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். போட்டிக்கு நான்கு வாரம் முன்பாக, நிற்காமல் 1,000 மீட்டர் நீந்த முடிந்தால் கடலில் பயம் பாதியாகிவிடும். எந்த முறையில் நீந்தினாலும் விதி அனுமதிக்கிறது. தவளை நீச்சலில் முடிப்பவர்கள் நிறைய உண்டு, வெட்கப்பட எதுவுமில்லை.

மல்லாந்து மிதப்பதைத் தனியாகப் பழகுங்கள். பீதி வரும்போது செய்யவேண்டியது அது ஒன்றுதான்: புரண்டு முகத்தை வானத்துக்குக் காட்டி, இருபது மூச்சு எண்ணுவது. பாதுகாப்புப் படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்து முன்னேறக்கூடாது, அவ்வளவுதான்.

நீச்சல் குளத்தில் கீழே கோடு இருக்கும். கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. எட்டுப் பத்துக் கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி மிதவையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம். குளத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு வாளியை வைத்துப் பழகினோம்.

பிறகு கடல். வங்கக் கடலைக் குளம்போல நினைத்து யாரும் தனியாக இறங்கவேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். மற்ற மாதங்களிலும் உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். வன்னி, தெண்டி என்று நீரோட்டங்களுக்கே அவர்களிடம் பெயர்கள் உண்டு. கரையில் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பைபர் படகை வாடகைக்குப் பேசி, அது பக்கத்தில் வர நீந்தினோம். அலை உடையும் இடத்தில் அலையோடு மல்லுக்கட்டாமல் அதன் அடியில் புகுந்து வெளியேறவேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிய பிறகு திரும்பவேண்டும். எங்கள் முதல் கடல் நாளில் நான் 200 மீட்டரில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். "கிணறு ஆழம் ஜாஸ்தியா சார், கடல் ஆழம் ஜாஸ்தியா?" என்று கேட்டார் படகுக்காரர். தம்பி இன்றுவரை அதை எல்லோரிடமும் சொல்கிறான்.

ஐந்தாம் படி: சைக்கிள்

விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம். பிரேக் சரியாகப் பிடிக்கிற, கியர் உள்ள எந்தச் சைக்கிளும் 20 கிலோமீட்டருக்குப் போதும். ஹேண்டில்பாரின் இரு முனைகளும் மூடியால் அடைத்திருக்கவேண்டும். திறந்த குழாய் விழும்போது உடலில் குத்தும் என்பதால் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். காசு செலவழிப்பதானால் ஹெல்மெட்டுக்கும் நல்ல டயருக்கும் செலவழியுங்கள்.

வீட்டில் ஒரு சைக்கிளை இருவர் பயிற்சிக்குப் பகிர்ந்துகொண்டால், இருக்கைக் குழாயில் இரண்டு நிறத்தில் டேப் ஒட்டி அவரவர் உயரத்தைக் குறித்துவையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுதான் ஏறக்குறைய சரியான உயரம். மனைவி ஒரு மாதம் என் உயரத்தில் ஓட்டிவிட்டு முழங்கால் வலி என்றாள். டேப் ஒட்டிய பிறகு வலி போய்விட்டது.

பஞ்சர் ஒட்டுவது, அதாவது ட்யூப் மாற்றுவது, எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பாதையில் வெளியாள் உதவி கூடாது. ஞாயிறு மாலை மொட்டைமாடியில் நாங்கள் நான்கு பேரும் கடிகாரம் வைத்துப் பின் சக்கர ட்யூபை மாற்றினோம். மகளுக்கு முதல்முறை 31 நிமிடம், கடைசியில் 9. கழன்ற செயினை மாட்டுவதையும் சேர்த்துப் பழகுங்கள்.

ஆறாம் படி: ஓட்டம்

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 5 கிலோமீட்டரை எல்லோரும் எப்படியாவது கடந்துவிடுவார்கள். ஆனால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் ஐந்து நிமிடம் கால்கள் உங்களுடையவை அல்ல, யாரோ செங்கல்லைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும். இதற்கான பயிற்சியைப் 'பிரிக்' (செங்கல்) என்றே அழைக்கிறார்கள். சனிக்கிழமை அந்தப் பத்து நிமிட ஓட்டம் அதற்காகத்தான். சின்ன அடி வைத்து மெதுவாகத் தொடங்கினால் ஒரு கிலோமீட்டருக்குள் கால் திரும்பி வந்துவிடும்.

ஏழாம் படி: உறவினர்களுக்கான விதிகள்

குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு எல்லோரும் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைச் சத்தமாகப் படியுங்கள்.

பொதுவான போட்டிகளில் ஒரு சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டுவது தடை. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி ஸ்பிரிண்ட், ஒலிம்பிக் தூரங்களில் 10 மீட்டர் இடைவெளி வேண்டும். தங்கை அண்ணனுக்குப் பின்னால் ஒளிந்து வந்தாலும் தண்டனை தண்டனைதான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் வழியை மறித்த குற்றம். இடப்பக்கமாகவே ஓட்டி, வலப்பக்கம் முந்தி, முந்தியவுடன் இடப்பக்கம் திரும்பிவிடுங்கள்.

அதே விதிகள் போட்டியாளர்கள் தங்களுக்குள் தண்ணீர், உணவு, பம்ப், ட்யூப் போன்றவற்றைக் கொடுத்து உதவ இடம் தருகின்றன. ஆனால் கொடுப்பவர் போட்டியைத் தொடர முடியாமல் போகும் பொருளைக் கொடுக்கக்கூடாது. மகளுக்குச் சக்கரம் உடைந்தால் அப்பா தன் சக்கரத்தைக் கழற்றித் தரமுடியாது. இதைப் படித்தபோது என் மகள் என்னைப் பார்த்த பார்வையில், "நீ கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியும்" என்று இருந்தது.

பிரிட்டனின் டிரையத்லான் வீரர்களான பிரவுன்லி சகோதரர்கள் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில், வெற்றிக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் வெயிலில் தம்பி ஜானி நிலைகுலைந்தார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி ஓடி, எல்லைக் கோட்டில் தனக்கு முன்னால் தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் இருவரையும் கடந்து முதலில் வந்தார். உலகமே நெகிழ்ந்தது. அதன்பிறகு விதி மாறியது: சக போட்டியாளர் முன்னேற உடலால் உதவக்கூடாது. ஆகவே உங்கள் தம்பி தள்ளாடினால் செய்யவேண்டியது, அவனை நிழலில் உட்காரவைத்து மருத்துவ உதவியை அழைப்பது. உங்கள் நேரம் போனால் போகட்டும்.

கைகோத்து எல்லைக் கோட்டைக் கடப்பதா? 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் ஒத்திகைப் போட்டியில் பிரிட்டனின் ஜெஸ் லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் இருவரும் கைகோத்து முதலாவதாக வந்தார்கள். வேண்டுமென்றே சமன் செய்ததாக இருவரையும் நீக்கிவிட்டார்கள். உங்களுடைய சிறிய போட்டியில் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனாலும் அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். போட்டியில் இல்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைசி நூறு மீட்டர் ஓடுவதும் பல இடங்களில் தடை.

இவற்றைப் படித்த கையோடு ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, உடல்நலக் கேடு தவிர. எல்லோரும் முடித்ததும் சந்திக்கும் இடம் எது? நடுவில் நிறுத்திக்கொண்டவர் எங்கே வந்து சேரவேண்டும்? போட்டியில் கைப்பேசி இருக்காது. எங்களுக்கு அது இளநீர்க் கடைக்குப் பக்கத்து வேப்பமரம்.

எட்டாம் படி: முந்தைய நாளும் மாறுமிடமும்

டிரான்சிஷன் என்று எல்லோரும் சொல்லும் மாறுமிடத்தில் சைக்கிளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு துண்டு விரித்துப் பொருட்களை வைக்கவேண்டும். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் வார்களைத் திறந்து ஹேண்டில்பாரில் வையுங்கள். சைக்கிளைத் தொடும் முன்பே ஹெல்மெட் தலையில் ஏறி, வார் பூட்டியிருக்கவேண்டும். திரும்ப வந்து சைக்கிளைத் தொங்கவிட்ட பிறகே கழற்றவேண்டும். குறித்த கோட்டுக்கு வெளியேதான் ஏறவும் இறங்கவும் வேண்டும். ஷூவுக்குள் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் ஈரக் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எண் அட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டிவிட்டால் ஊசி தேடவேண்டாம். உங்கள் வரிசை எத்தனையாவது என்று நுழைவாயிலிலிருந்து நடந்து எண்ணிக்கொள்ளுங்கள். கடலிலிருந்து ஓடிவரும்போது எல்லாச் சைக்கிளும் ஒன்றுபோலத் தெரியும்.

நான்கு பேர் பொருளையும் ஒரே பையில் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். அதிகாலை நாலரை மணிக்கு விடுதி அறையில் ஒரு நீச்சல் கண்ணாடிக்காக நடந்த சண்டையை எழுதப்போவதில்லை. ஒருவருக்கு ஒரு பை, மேலே பெயர்.

இரவுச் சாப்பாடு வழக்கமானது. போட்டி ஊரின் சிறப்பு மீன் குழம்பை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டரை மணி நேரம் முன்பாக இரண்டு மூன்று இட்லி, அல்லது வாழைப்பழமும் ரொட்டியும். சைக்கிளில் ஒரு குப்பி ஓ.ஆர்.எஸ்., பையில் கடலை மிட்டாய் அல்லது பேரீச்சை. வெயிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்வதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

ஒன்பதாம் படி: போட்டிக் காலை

நீச்சலில் கூட்டத்தின் ஓரத்தில் அல்லது பின்வரிசையில் நில்லுங்கள். முதல் நூறு மீட்டரில் யாரோ ஒருவருடைய கால் முகத்தில் படும். அதை எதிர்பார்த்தே இறங்கினால் பதற்றம் வராது. மூச்சு சீராகும்வரை வேகத்தைத் தொடாதீர்கள். நான் 300 மீட்டரில் மல்லாந்து மிதந்தேன். இருபது மூச்சு எண்ணி முடித்தபோது என்னைத் தாண்டிப் போன மஞ்சள் தொப்பி யாருடையது என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பத்து நிமிடம் கழித்துப் புறப்பட்ட மனைவியினுடையது.

வேடிக்கை பார்க்க வரும் உறவினர்களுக்கும் வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களே வேலை தேடிக்கொள்வார்கள். என் அம்மா ஓட்டப் பாதையின் நடுவில் எலுமிச்சைச் சாறோடு நின்றார். வெளியாள் கையிலிருந்து வாங்கினால் தண்டனை என்று அவரிடம் ஓடிக்கொண்டே விளக்கவேண்டியதாயிற்று. "பெற்ற அம்மா வெளியாளா?" என்று அவர் கேட்டதற்கு நடுவரே சிரித்துவிட்டார். பாட்டி படமெடுக்கட்டும், மாமா வேப்பமரத்தடியில் பைகளைக் காக்கட்டும்.

பத்தாம் படி: மறுநாள்

முடித்தவுடன் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். உப்பும் தண்ணீரும் சோறும் உள்ளே போகட்டும். ஒரு வாரம் பயிற்சி வேண்டாம். குடும்பத்துக்குள் யார் முந்தினார் என்ற பட்டியலை மட்டும் அன்று மாலையே போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது முடியவில்லை: மகள், தம்பி, மனைவி, நான் என்ற வரிசை வேப்பமரத்தடியிலேயே முடிவாகிவிட்டது.

கடலோரம் ஓடிய சைக்கிளை உப்போடு நிறுத்திவைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்குக் கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுங்கள். திங்கள் மாலை மொட்டைமாடியில் நான்கு சைக்கிளும் தலைகீழாக நின்றன. நான் மூன்றாவது செயினில் இருந்தபோது, குளிர்சாதனப் பெட்டியிலிருந்த தாளைக் கழற்றிக்கொண்டு மனைவி மேலே வந்தாள். பழைய பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் "ஒலிம்பிக் தூரம்" என்று எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை மாவு அரைப்பது நான்.